மாட்டுக்குத் தெரியாத இலை

ஏற்காட்டுக்கு வந்துட்டுப் போன எல்லார் போனிலும் ஒரு உண்ணிப்பூ போட்டோ இருக்கும். ரோட்டோரம், வளைவுக்கு வளைவு, மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமா கொத்துக் கொத்தா பூத்திருக்கும். மேல பட்டாம்பூச்சி வேறு உட்கார்ந்திருக்கும். அழகுதான், இல்லைன்னு சொல்லலை. அழகுக்காகத்தான் அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தாங்க. தென்னமெரிக்கா, நடு அமெரிக்காப் பக்கத்துச் செடி. 1800களின் ஆரம்பத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் வெள்ளைக்காரங்க பூச்செடியா வளர்த்தது, அங்கிருந்து கிளம்பி இமயமலை அடிவாரம் வரைக்கும், இந்தப் பக்கம் நம்ம சேர்வராயன் மலை வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு. விதையைப் பறவை சுமக்குது. வெட்டினா அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்குது. தீ வச்சாலும் அடுத்த மழைக்கு முளைக்குது.

நாகலூர்ல எங்க ஆயா காலத்துல மாடு மேய்ஞ்ச கரடு ஒண்ணு இருக்கு. இப்போ அதுக்குள்ள ஆளே நுழைய முடியாது. தோள் உயரத்துக்கு உண்ணிமுள். காப்பித் தோட்டத்து வேலிக்கும் அந்தப் புதருக்கும் நடுவுல ரெண்டு முழ அகலத்துக்குப் புல் கிடைக்கும், மாடுகள் வரிசையா அதை மேய்ஞ்சுட்டு வரும். மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் அந்தப் புல்லும் காய்ஞ்சுடும். அப்போ கண்ணுக்குப் பச்சையா நிக்கிறது ஒரே செடிதான்.

"அது விஷம்னு மாட்டுக்குத் தெரியாதா?" டவுன்ல இருந்து வர்றவங்க கேட்கிற கேள்வி இது. நம்ம ஊர்ப் பெருசுகள்கிட்ட கேட்டா, "மாட்டுக்குத் தெரியும், மனுசனுக்குத்தான் தெரியாது"ன்னு ஒரே போடா போடுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது பாதிதான் உண்மை.

எங்க மலையிலேயே பிறந்த நாட்டு மாடு, சின்ன உடம்பு, கட்டை கால், அது உண்ணிமுள்ளைத் தொடாது. உரசிட்டுப் போகும், மோந்துகூடப் பார்க்காது. கன்னுக்குட்டியா இருக்கும்போதே ஆத்தாகூடப் போய், ஆத்தா எதைத் தின்னுதோ அதைத் தின்னு, எதை விடுதோ அதை விட்டு வளர்ந்தது அது. அமெரிக்காவுல யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துல பிரெட் ப்ரொவென்சான்னு ஒருத்தர் இதை ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். ஆடு மாடு எதைத் தின்னலாம்னு ரத்தத்துலேயே எழுதிட்டு வர்றதில்லை, பெரும்பகுதி தாய்கிட்டயும் மந்தைகிட்டயும் கத்துக்குது, தின்னபிறகு வயிறு சொல்றதையும் ஞாபகம் வச்சுக்குதுன்னு காட்டினார். எங்க ஆயா அதை வேற மாதிரி சொல்லும்: "சந்தையில வாங்கின மாடு மூணு மாசத்துக்கு விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டுல எது எங்க இருக்குன்னு தெரியாது."

இப்போ எங்க ஊர்ல விருந்தாளி மாடுதான் அதிகம். பாலுக்காகக் கீழே இருந்து ஜெர்சி கலப்பு மாட்டை வண்டியில ஏத்திட்டு வர்றாங்க. அது கொட்டகையில தவிடு, புண்ணாக்கு, தட்டு தின்னு வளர்ந்தது. பிறந்ததிலிருந்து ஒரு புதரையும் பார்த்திருக்காது. மலை ஏத்துற அன்னைக்கு முழுக்கப் பட்டினி. இறக்கின உடனே அவிழ்த்துவிட்டா, பசியில முன்னால தெரியிற பச்சையில வாய் வைக்கும்.

எங்க தெருவுல ஒரு அக்கா. புருஷன் இல்லை. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. குழுவுல கடன் எடுத்து, கையில இருந்த கம்மலையும் அடகு வச்சு, நாப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு மாடு வாங்கினாங்க. கருப்பும் வெள்ளையுமா, ரெண்டாவது ஈத்து, காலையும் மாலையும் சேர்த்துப் பத்து லிட்டர். பங்குனி மாசம். ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவன் மாட்டை அந்தக் கரட்டோரம் கட்டிப்போட்டிருக்கான். கயிறு நீளத்துக்குப் புல் தீர்ந்ததும் மிச்சம் இருந்தது உண்ணிமுள்தான்.

மறுநாள் மாடு தீனி எடுக்கலை. அசை போடலை. சாணி கெட்டியா, கொஞ்சமா, கருப்பா வந்துச்சு. வயித்து உப்பசம்னு நினைச்சு இஞ்சி, ஓமம் எல்லாம் அரைச்சு ஊத்தினாங்க. மூணாம் நாள் நான் போய்ப் பார்க்கிறப்போ மாடு கொட்டகையோட இருட்டு மூலையில போய் நிக்குது. வெளியில இழுத்தா வரமாட்டேங்குது. வெயில் பட்டா தலையை உதறுது. கண் இமையைத் திருப்பிப் பார்த்தா மஞ்சள். மூக்கு நுனி காய்ஞ்சு வெடிச்சிருக்கு. இந்த மலையில மாடு வளர்த்தவன் யாரும் அதுக்கு மேல கேள்வி கேட்கமாட்டான்.

அந்த வியாதி நடக்கிற விதத்தைக் கால்நடை டாக்டர் எனக்குச் சொன்னப்போ அசந்துபோயிட்டேன். உண்ணி இலையில லாண்டடீன்னு ஒரு சரக்கு இருக்கு. அது கல்லீரலைப் பிடிக்குது. பித்தநீர் இறங்குறது நின்னுபோகுது. கல்லீரல் கெட்டா மாட்டோட பெரிய வயிறு, அசை போடுற வயிறு, அதுவும் வேலையை நிறுத்திடுது. வயிறு நின்னா உள்ளே போன இலை அப்படியே அங்கேயே கிடக்கு. கிடக்கிற இலையிலிருந்து விஷம் மேலும் மேலும் ஊறி ரத்தத்துல சேருது. அதாவது ஒரு தடவை தின்னதுதான், ஆனா தினமும் தின்ன மாதிரி. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாடு தின்ற எல்லாப் பச்சையிலயும் இருக்கிற பச்சையம் வயித்துல கரைஞ்சு ஒரு பொருளா மாறும். சாதாரண நாள்ல பித்தநீரோட அது வெளியே போயிடும். பித்தநீர் நின்னா அது தோலுக்கு வந்து சேருது. அதுமேல வெயில் பட்டா தோல் வெந்துபோகுது. கருப்பு ரோமத்துக்கு ஒண்ணும் ஆகாது, வெள்ளைத் திட்டு மட்டும் உரியும். அக்காவோட மாட்டுல வரைபடம் போட்ட மாதிரி வெள்ளை இடமெல்லாம் தோல் தடிச்சு, வெடிச்சு, பட்டை பட்டையா எழும்பிச்சு. நல்ல புல்லும் நல்ல வெயிலுமே அதுக்கு எதிரியாயிட்டது.

முறிமருந்துன்னு தனியா ஒண்ணும் இல்லை. வயித்துல கிடக்கிறதை வெளியே எடுக்கணும், இல்லைன்னா கட்டிப்போடணும். கட்டிப்போடுறதுக்கு மருந்துக்கரி. அடுப்புக்கரி இல்லை, அதுக்குன்னு பக்குவம் பண்ணின கரித்தூள். மாத்திரைக் கணக்கு இல்லைங்க, அந்த மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ. ஆஸ்திரேலியாவுல இதே செடியால இதே கஷ்டம், அங்கே பென்டோனைட்னு ஒரு களிமண்ணையும் கொடுத்துப் பார்த்திருக்காங்க, அதுவும் கேட்குது, கொஞ்சம் மெதுவா. நம்ம நாட்டுல இமாச்சலத்துல பாலம்பூர்ல இருக்கிற இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தோட கிளையில ஓம் பிரகாஷ் சர்மாங்கிறவர் பல வருஷம் இந்த ஒரே செடியோட விஷத்தைத்தான் ஆராய்ஞ்சிருக்கார். அவ்வளவு மாடு போயிருக்கு, அங்கேயும் இங்கேயும்.

கரித்தூள் சேலத்துல இருந்து வந்துச்சு. டாக்டர் வாய் வழியா குழாய் விட்டுக் கரைச்சு ஊத்தினார், குளுக்கோஸ் ஏத்தினார். நாங்க கொட்டகையைச் சுத்திச் சாக்கும் பழைய சேலையும் கட்டி இருட்டாக்கினோம். பச்சையே கொடுக்கக் கூடாதுன்னுட்டார், வைக்கோல் மட்டும். நல்லா இருக்கிற வேற மாட்டுல இருந்து அசை வாயில இருக்கிறதை எடுத்துக் கரைச்சு ஊத்துறது எங்க பக்கத்துல பழைய பழக்கம், டாக்டரும் செய்யுங்கன்னார். நின்னுபோன வயித்துக்கு அது உறை மோர் மாதிரி. பதினோராம் நாள் அசை போட்டுச்சு. அக்கா அன்னைக்குத்தான் சோறு தின்னாங்கன்னு நினைக்கிறேன். மாடு பிழைச்சுது. ஆனா அந்த ஈத்துப் பால் வத்திப்போச்சு. கடனுக்கு வாரத் தவணை வத்தாதே. அதை அக்கா காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போய்க் கட்டினாங்க.

"அந்தப் பாலைக் குடிச்சா நமக்கு என்ன ஆகும்?" இதுவும் டவுன்காரங்க கேட்கிற கேள்விதான், தப்பில்லை. உண்ணிமுள் தின்ன மாடு பால் கொடுக்கிறதையே நிறுத்திடும், சொசைட்டி கேன் வரைக்கும் வர வாய்ப்பு குறைவு. ஆனா பால் வழியா மனுசனைக் கொன்ன செடி உலகத்துல இருந்திருக்கு. ஆப்ரகாம் லிங்கனோட அம்மா நான்சி அப்படித்தான் செத்தாங்க. 1818ல, இண்டியானாவுல. லிங்கனுக்கு ஒன்பது வயசு. காட்டை வெட்டி அப்போதான் குடியேறின ஜனங்க, மாட்டைக் காட்டுக்குள்ள மேயவிட்டாங்க. வெள்ளைப் பூ பூக்கிற ஒரு செடியைத் தின்ன மாடு நடுங்கி விழுந்துச்சு. அந்தப் பாலைக் குடிச்சவங்களும் விழுந்தாங்க. பால் வியாதின்னே அதுக்குப் பேர். ஊர் ஊராகக் காலி பண்ணிட்டு ஓடினாங்க. எந்தச் செடின்னு அந்த மண்ணோட பூர்வகுடி ஷானி இனத்து அம்மா ஒருத்தர்தான் ஒரு வைத்தியச்சிக்குக் காட்டிக்கொடுத்தார்னு அங்கே ஒரு கதை உண்டு. அறிவியல்காரங்க அதை உறுதிப்படுத்த நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. புது ஊருக்கு வந்த மாடும் விருந்தாளி, ஆளும் விருந்தாளி. ஆயா கணக்கு அங்கேயும் பொருந்துது.

உண்ணிமுள் நாளைத் தரும். நாளே தராத விஷமும் இருக்கு. குப்பனூர் வழியா இறங்கினா கீழே என் மாமன் மகன் காடு. சோளம் போடுவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அறுத்த தட்டோட அடிக்கட்டை, கோடைமழைக்குத் துளிர்த்து முழங்கால் உயரம் வந்திருந்துச்சு. பக்கத்துக் காட்டுக்காரரோட எருமை ரெண்டு கயிறு அறுத்துட்டு உள்ளே புகுந்து பத்து நிமிஷம் மேய்ஞ்சிருக்கும். ஒண்ணு வரப்பு ஏறுறதுக்குள்ள வாயைத் திறந்து மூச்சு வாங்கி விழுந்துடுச்சு. இளஞ்சோளத்துல சயனைடு. சினிமாவுல கழுத்துக் குப்பியில வச்சிருப்பாங்களே, அதே குடும்பம். பயிர் வாடி நின்னு, மழை பெய்ஞ்சு, திடீர்னு குருத்து விடுறப்போ அது உச்சத்துல இருக்கும். ரத்தத்துல உயிர்க்காத்து நிறைய இருக்கும், ஆனா உடம்பு அதை எடுத்துக்க முடியாது. அதனால செத்த மாட்டோட ரத்தம் பளிச்சுன்னு சிவப்பா இருக்கும். ரெண்டாவது எருமையை டாக்டர் ஊசி போட்டுக் காப்பாத்திட்டார். நரம்புல ஏத்தின மருந்துல ஒண்ணு சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோவுல ஹைப்போன்னு பிலிம் கழுவ வச்சிருந்தாங்களே, அதேதான். ஒரு வயசான டாக்டர் சொன்னார், அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துல அவசரத்துக்கு ஸ்டுடியோக் கதவைத் தட்டியிருக்காராம்.

சோளத்தைப் பூ எடுத்தபிறகு வெட்டினா பயம் குறைவு. கோ.எஃப்.எஸ். 29 மாதிரி தீவனச் சோளத்தை முதல் வெட்டுக்கு 65 நாள் விடச் சொல்றதும் சும்மா இல்லை. நல்லாக் காயவச்ச தட்டுல அந்த விஷம் பறந்துடும். குச்சிக்கிழங்கும் இதே ஜாதி. மரவள்ளின்னா உங்களுக்குத் தெரியும். உங்க பாயசத்துக்கு வர்ற ஜவ்வரிசி பெரும்பாலும் எங்க சேலம், நாமக்கல் பக்கத்துக் கிழங்குதான். அந்தக் கிழங்கோட இலை, பச்சைத் தோல், இது ரெண்டையும் குவிச்சுப் போட்டு ஆடு தின்னுச்சுன்னா அரைமணி நேரம். காயவச்சுப் போட்டா அதே தோல் நல்ல தீவனம். ஆலையில மாவு எடுத்தபிறகு வர்ற திப்பியைக் காயவச்சு எத்தனையோ மாடு தின்னுட்டு நல்லாத்தான் இருக்கு. விஷம், தீவனம் ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு நாள் வெயில், அவ்வளவுதான்.

ஆனா வெயில்ல காய்ஞ்சாலும் போகாத விஷம் ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போயிட்டேன்.

அரளி. கோயில்ல மாலைக்கு ஆகும், நாலுவழிச் சாலையில நடுவுல வரிசையா நட்டிருப்பாங்க. ஆடு மாடு கடிக்காது, தண்ணி அதிகம் கேட்காது, அதனால. நிக்கிற அரளியை மாடு கடிக்காதுங்கிறது சரிதான். அவ்வளவு கசப்பு. வெட்டிப்போட்டு ரெண்டு நாள் வாடின அரளி கசப்பு குறைஞ்சுடும், விஷம் குறையாது. காய்ஞ்ச இலை ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் இருந்தா மாட்டைக் கொல்லப் போதும்னு கணக்கு. முந்நூறு கிலோ மாட்டுக்குப் பதினஞ்சு கிராம், உள்ளங்கையில ஒரு பிடி. நேரா இதயத்தைத் தாக்கும்.

போன தையில எங்க பெரியப்பாவோட ரெண்டு மாடும் ஒரே ராத்திரியில போச்சு. நாட்டு மாடு ஒண்ணு, கலப்பு ஒண்ணு. மலையிலேயே பிறந்த, எல்லாம் தெரிஞ்ச மாடும் சேர்த்துத்தான். எங்க ஊரைச் சுத்தி இப்போ வெளியூர்க்காரங்க கட்டின வீடு நிறைய. வாரக்கடைசிக்கு வாடகைக்கு விடுறது. அதுல ஒண்ணுல பொங்கல் கூட்டத்துக்கு முன்னாடி தோட்டத்தைச் சுத்தம் பண்ணியிருக்காங்க. புல்வெளி வெட்டின புல்லும், வேலி அரளி கழிச்ச கொப்பும், எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து மதிலுக்கு வெளியே ஒரு குவியல். மேல பசும்புல், உள்ளே வாடின அரளி. மாடு புல்லைத் தின்னுச்சு, புல்லோட சேர்ந்ததையும் தின்னுச்சு. மந்தையில கத்துக்கிட்ட பாடத்துல இந்தப் பக்கமே இல்லையே. எந்தக் காட்டுல செடி தானா தன்னைப் பொடியா நறுக்கிப் புல்லுல கலந்துக்கும்?

டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். வயித்துல புல்லுக்கு நடுவுல நீளமா, தடிப்பா, நடுநரம்பு தெளிவாத் தெரியிற இலைத்துண்டுகள். கையில எடுத்துக் காட்டினார். பெரியப்பா தோளுல துண்டோட நின்னு பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. அந்தக் குவியலைக் கொட்டினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஊர்ப் பையன்தான், பெரியப்பாவுக்கே பேரன் முறை. அந்த வீட்டுல தோட்ட வேலை பார்க்கிறான். மாடு தின்னுக்கட்டும்னு நினைச்சுத்தான் மதிலுக்கு வெளியே போட்டிருக்கான். வீணாப் போகக் கூடாதுன்னு. அரளியை அப்படிப் போடாதேன்னு அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவன் வீட்டுல மாடு இல்லை, அவங்க அப்பா காலத்துலேயே வித்தாச்சு.

வீட்டுக்காரர் மேல புகார் கொடுக்கலாம்னு நாலு பேர் சொன்னாங்க. கொடுத்தா முதல்ல வேலை போறது அந்தப் பையனுக்கு. பெரியப்பா வேண்டாம்னுட்டார். அது பெருந்தன்மையா, வேற வழியில்லாததான்னு எனக்கு இன்னைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. ரெண்டுல கலப்பு மாட்டுக்கு மட்டும் காதுல கம்மல் அடிச்சு இன்சூரன்ஸ் போட்டிருந்தார். நாட்டு மாட்டுக்கு இல்லை. அதுதான் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாடு.

மாடு இப்படி விழுந்தா 1962ன்னு ஒரு நம்பர் இருக்கு, கால்நடை ஆம்புலன்ஸ். நீங்க வந்த இடத்துல பார்த்தாலும் நீங்களே கூப்பிடலாம். விழுந்த மாட்டுக்கு வாயில எண்ணெயோ, வெல்லத்தண்ணியோ ஊத்தாதீங்க. நம்ம ஜனங்க அவசரத்துல அதைத்தான் முதல்ல செய்வாங்க. விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போய், விஷத்துல பிழைச்சதும் தண்ணியில போகும். தின்ன செடியில ஒரு கொப்பைப் பிடுங்கி வச்சிருங்க. டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

எங்க மலையில வீடு வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். அரளி, அப்புறம் தலைகீழாத் தொங்கி மணக்குமே மர ஊமத்தை, இதையெல்லாம் வெட்டினா புல்லோட சேர்க்காதீங்க, வெளியே போடாதீங்க. எரிக்கவும் வேண்டாம், அரளிப் புகை ஆளுக்கும் ஆகாது. தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஓரமாக் குழி எடுத்து மூடிருங்க. இடுப்பளவு ஆழம் போதும். பாறை தட்டும், கொஞ்சம் சிரமம்தான். ஆள் வேணும்னா சொல்லுங்க, அந்தப் பையனே வருவான். இப்போ ஊருக்குள்ள யார் வீட்டு அரளிக்கும் அவன்தான் குழி வெட்டுறான், பெரியப்பா வீட்டுக் கடப்பாரையை வாங்கிட்டுப் போய்.